புருல் அக்காவின் ஒப்பாரிக்கு வந்த சனம்

எங்கள் பள்ளத்தாக்கில் ஒப்பாரிக்காக யாரும் பணம் கேட்டதுமில்லை, யாரும் கொடுத்ததுமில்லை. சாவு விழுந்தால் பாடுவார்கள், அவ்வளவுதான். அதனால் ஆடுகளுக்கு ஊசி போடும் புருல் அக்கா ஒருநாள் என் வேனை மறித்து, "ஷார்ஷென், நாளைக்கு நாரின் டவுனுக்கு எனக்கு முன்சீட்ட வச்சிரு. ஒப்பாரிக்கு நிதி கேக்கப் போறேன்" என்றபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"யாருகிட்டக்கா கேக்கப் போற? செத்தவங்ககிட்டயா?"

"உன்ன மாதிரி பல்ல காட்டறவங்ககிட்டத்தான். காலைல சீக்கிரம் வந்து சேரு."

அவளை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆணுக்குரிய உயரம், ஆண்கள் போடும் பூட்ஸ், தோளில் ஊசிமருந்துப் பெட்டி. கோடையில் மேய்ச்சல் வெளி ஒன்று விடாமல் ஏறி இறங்குவாள். எந்தக் கூடாரத்து நாயும் அவளைப் பார்த்துக் குரைக்காது. முட்டிகளுக்கு நடுவே கிடாவை இறுக்கிக்கொண்டு, ஊசியைக் குத்திக்கொண்டே, அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாருடைய நலத்தையும் பெயர் சொல்லி விசாரித்து முடித்துவிடுவாள்.

யாராவது இறந்துவிட்டால் அவளைக் கூப்பிட ஆள் வரும். சாவு வீட்டுக் கம்பளிக் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடுப்பில் இரு கைகளையும் ஊன்றிப் பாட ஆரம்பிப்பாள். செத்தவன் எந்தக் குதிரையைப் பழக்கினான், யாரோடு சண்டை போட்டுவிட்டு யாருக்காக வருந்தினான், எதைப் பாதியில் விட்டுப் போனான் என்று ஒவ்வொன்றாக வரும். வெளியே கோலை ஊன்றி நிற்கும் ஆண்கள் நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். என் சொந்தச் சித்தப்பா எப்பேர்ப்பட்ட மனிதர் என்பது அவர் செத்த அன்று புருல் அக்கா பாடித்தான் எனக்குத் தெரிந்தது.

இப்படிப் பாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் ஆறு பெண்கள். ஒருத்தி மாதிரி இன்னொருத்தி பாடமாட்டாள். அந்த ஆறு பேரையும் சேர்த்துப் பாட வைத்துப் பதிவு செய்ய வேண்டும், கற்றுக்கொள்ள ஆசைப்படும் பெண்களுக்குக் குளிர்காலத்தில் உட்கார ஓர் அறை வேண்டும் என்பதுதான் அவள் திட்டம்.

"ஒரு அடுப்பு, ஒரு ரெக்கார்டர், பெட்ரோலுக்குக் காசு. நான் என்ன ராக்கெட்டா கேக்கறேன்?" என்பாள்.

கேட்டது என்னவோ அடுப்புதான். அலைந்ததோ ராக்கெட்டுக்கு அலைந்த அலைச்சல். நாரினில் ஒருவன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, இதைப் பருவநிலை மாற்றத்தோடு தொடர்புபடுத்த முடியுமா என்றான். திரும்பி வரும்போது அக்கா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "பனி உருகுதேன்னு அழச் சொல்றான் போல இருக்கு" என்றாள். தலைநகரம் பிஷ்கேக்கில் ஓர் அம்மாள், பெண்களுக்கு வருமானம் வருகிற மாதிரி இதில் விற்க எதுவும் இல்லையா என்று கேட்டாள். இன்னோர் அலுவலகத்தில், இளைஞர்களுக்குப் பிடிக்கிற மாதிரி கொஞ்சம் நடனம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சாவு வீட்டில் நடனம்! நானாக இருந்தால் அந்த மேசையைக் கவிழ்த்துவிட்டு வந்திருப்பேன். அவள் ஒவ்வொரு முறையும் வெளியே வந்து, முன்சீட்டில் ஏறி, சட்டைப் பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்துக் கொறித்துக்கொண்டே, "அடுத்தது எங்கடா?" என்று கேட்பாள். இரண்டு வருடம் இப்படியே போனது. மனுஷி இரும்பா, கல்லா என்று நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியந்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு நிதியம் பிடி கொடுத்தது. திட்டம் பிடித்திருக்கிறது, ஆனால் மக்களுக்கு இது வேண்டும் என்பதை எங்கள் ஆள் நேரில் பார்க்க வேண்டும், மேய்ச்சல் வெளியில் ஒரு நிகழ்ச்சி நடத்துங்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு என்றார்கள். இதுவும் போனால் தட்ட வேறு கதவு கிடையாது. அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர்கள் குறித்த தேதி நேராகக் குளிர்காலத் தீவனத்துக்குப் புல் அறுக்கும் நாளில் வந்து விழுந்தது. வானம் வெளுத்திருக்கும்போது அரிவாளைக் கீழே வைத்துவிட்டு இங்கே எவனும் தன் கல்யாணத்துக்குக்கூட வரமாட்டான். நிதியத்திலிருந்து பெரிசாத் என்ற பெண் வந்தாள். நகரத்துச் செருப்பு, மெல்லிய குரல், நல்ல பிள்ளை. வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு எங்களோடு சேர்ந்து தேநீருக்கு விறகு பொறுக்கினாள். நிதியத்தின் சிவப்புப் பதாகை ஒன்றையும், ஒரு ரெக்கார்டரையும், ஓர் ஒலிபெருக்கியையும் கொண்டுவந்திருந்தாள். காற்றில் பதாகை சுருண்டுகொண்டே இருந்ததால் நீளமான கம்பு ஒன்றில் கட்டி, நிகழ்ச்சிக்குப் போட்ட கூடாரத்தின் பக்கத்தில் நட்டுவிட்டேன். ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. அதை மலைப்பக்கம் திருப்பி வைத்தேன்.

கேட்க வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் அக்காவின் தங்கைகள். ஒருவன் நொண்டிப்போன குதிரைக்கு மருந்து கேட்க வந்தவன்.

"இன்னும் கொஞ்சம் பாப்போமா அக்கா?" என்றாள் பெரிசாத்.

"யாருக்குக் காத்திருக்கணும்? ஆரம்பிப்போம்."

ஐந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாடினார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைப்பது ஆகாது என்பதால், பெயரில்லாத ஒரு பெரியவரை வைத்துப் பாடுவதாக முன்பே பேசி வைத்திருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. கடைசியாகப் புருல் அக்கா கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒலிவாங்கியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். முதல் அடியிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஏசெனே என்று கூப்பிட்டாள்.

ஏசென் அவள் புருஷன். மாஸ்கோவுக்கு மூட்டை தூக்கப் போனவன், உலகத்தையே முடக்கிய அந்த நோய் வந்த வருடத்தில் அங்கேயே ஆஸ்பத்திரியில் செத்தான். பெட்டியை மூடி அங்கேயே புதைத்துவிட்டார்கள். இங்கே ஊர் எல்லையில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி, யாரும் வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்த நேரம். கூடாரம் போடவில்லை, ஆடு அறுக்கவில்லை, ஒரு குதிரை வரவில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் சாவுக்கெல்லாம் பாடியவள் தன் புருஷனுக்கு வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் ஆட்டு வியாதிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். இப்போது ஒலிபெருக்கி வழியாக மலை முழுக்க அவள் குரல் போனது.

"லாடம் அடிச்சு வச்சேனே, ஏசெனே,
ஏறி வர ஆளில்லையே.
பெட்டியில வச்சாங்களாமே, ஏசெனே,
முகம் கழுவ நானில்லையே.
அண்ணன் தம்பி ஆயிரமாம், ஏசெனே,
அழுது வர ஒரு குரலில்லையே..."

மலை முகட்டில் ஒரு குதிரைக்காரன் தெரிந்தான். பிறகு நான்கு பேர். பிறகு முகடு முழுக்கக் குதிரை. ஒரு நொடி நின்று பார்த்தார்கள். அடுத்த நொடி அத்தனை பேரும் சரிவில் பாய்ந்து இறங்கினார்கள், சேணத்தில் இப்படியும் அப்படியும் சாய்ந்துகொண்டு, தொண்டை கிழியக் கதறிக்கொண்டு.

"என் கூடப்பொறந்தவனே! எங்க மலையே! போயிட்டியே!"

காலடியில் தரை அதிர்ந்தது. பெரிசாத் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருண்ணா இவங்க?"

எனக்குப் புரிந்துவிட்டது. நான் நட்ட சிவப்புக் கொடி! சின்ன வயதில் ஒருவன் செத்தால் அவன் கூடாரத்தில் சிவப்புக் கொடி ஏற்றுவது எங்கள் வழக்கம். அவ்வளவு தூரத்திலிருந்து பதாகையின் எழுத்து எங்கே தெரியப் போகிறது? கொடியைப் பார்த்தார்கள், ஒப்பாரியைக் கேட்டார்கள், செத்தது யாரென்று விசாரிக்காமலே அரிவாளைப் போட்டுவிட்டுக் குதிரை ஏறிவிட்டார்கள்.

சாவு வீட்டு ஆண்கள் வெளியே கோலூன்றி நின்று, வருகிறவர்களுக்கு எதிர்க்குரல் கொடுத்து அழ வேண்டும். ஏசெனுக்கு அப்படி நிற்க அங்கே யாருமில்லை. நான் என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. கையிலிருந்த வயரைப் போட்டுவிட்டு, கிடந்த ஒரு கோலை எடுத்து ஊன்றி, "ஏசெனே, என் நண்பனே!" என்று கதறினேன். கண்ணீர் தானாக வந்தது.

முன்னால் வந்தவர் தோகோம்பாய், மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரியவர். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து அவரை இறக்கினார்கள். அழுது முடித்து, கையைக் கழுவி, துவா ஓதி முடித்த பிறகுதான் கேட்டார்.

"ஏசென்ங்கறது யாரும்மா?"

அக்கா வெளியே வந்து நின்றாள். இது நிகழ்ச்சி என்று சொன்னால் சாட்டையைத்தான் எடுப்பார்கள். சாவை வைத்து விளையாடுகிறவளை இங்கே யாரும் மன்னிக்கமாட்டார்கள்.

"எம் புருஷன், பெரியப்பா."

"எப்ப?"

"நாலு வருஷம் ஆச்சு."

ஒரு குதிரை கடிவாளத்தை உதறியது.

"நாலு வருஷமா ஒருத்தரும் வரலையா?"

"வழிய அடச்சிருந்தாங்க பெரியப்பா. அப்புறம் தெறந்தாங்க. எப்படி வர்றதுன்னு யாருக்கும் தெரியல."

கிழவர் சாட்டையைப் பூட்ஸுக்குள் சொருகினார். "சரிம்மா. இப்ப வந்துட்டோம். தாமசமாயிருச்சு, மன்னிச்சுக்க." பிறகு திரும்பி அதட்டினார். "என்னடா மரம் மாதிரி நிக்கிறீங்க? ஆட்ட அறுங்க. ரெண்டு பேர் போய் எல்லா மேய்ச்சல் வெளியிலயும் சொல்லுங்க, ஏசென் செத்துட்டான்னு."

சொல்லப் போனார்கள். அதற்குப் பிறகு நான் பார்த்ததை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. எல்லாச் சரிவிலிருந்தும் ஆள் இறங்கியது. அறுத்த புல்லைப் பாதியில் விட்டு வந்தார்கள், பால் கறந்த வாளியோடு வந்தார்கள், பிள்ளையை முன்சேணத்தில் வைத்துக்கொண்டு வந்தார்கள். கூடாரத்துக்குள் நுழைந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் அக்காவின் ஒப்பாரிக்குப் பதில் ஒப்பாரி சொன்னாள். மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் நாங்கள் இதுவரை கேட்டிராத ராகத்தில் பாடினார்கள். அக்காவின் முதுகு நிமிர்ந்ததைத் திறந்திருந்த வாசல் வழியாகப் பார்த்தேன். அழுதுகொண்டேதான் கேட்டாள். ஆனாலும் ஒவ்வோர் அடியையும் மனதில் வாங்கிக்கொள்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. ஆறு பேர்தான் பாடுகிறார்கள் என்று எல்லா அலுவலகத்திலும் சொல்லிக்கொண்டு அலைந்தோமே! பொழுது சாய்ந்தபோது அந்தப் புல்வெளியில் இன்னொரு குதிரையைக் கட்ட இடமில்லை.

பெரிசாத் ரெக்கார்டரை எப்போதோ அணைத்துப் பைக்குள் போட்டிருந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போதுதான் தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்தாள்.

"அக்கா, நான் எத்தன பேருன்னு எழுதறது? முந்நூறுக்கு மேலயே இருப்பாங்க. இவ்வளவு பேர எங்க ஆபீஸ் எந்த ஊர்லயும் பாத்ததில்ல."

"நிகழ்ச்சிக்கு வந்தவங்க ஒம்பது பேரு. அத எழுதும்மா."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "உனக்கென்ன பைத்தியமாக்கா? ரெண்டு வருஷம் நாயா அலைஞ்சோம்! அடுப்பு, ரூமு, எல்லாம் கையில வந்து உக்காந்திருக்கு!"

"கத்தாதடா, சாவு வீடு இது." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அவங்க ஏசெனுக்கு வந்தவங்க. அவங்க தலைய எண்ணிக் கொடுத்து அடுப்பு வாங்கச் சொல்றியா?"

பெரிசாத் ஒன்பது என்று எழுதினாள்.

வந்தவர்கள் கொண்டுவந்த ஆடும் மாவும் ஏசெனின் காரியத்துக்கே போயின. இலையுதிர்காலத்தில் நிதியத்தின் பதில் வந்தது. மக்களிடையே போதிய ஆர்வம் காணப்படவில்லை என்று இரண்டே வரி. நான் திட்டித் தீர்த்தேன். அக்கா, "இருக்கறதத்தான எழுதியிருக்காங்க, அவங்கள ஏன் திட்டற?" என்று ஊசிப் பெட்டியைத் துடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

முதல் பனி விழுந்த பிறகு, நாரின் நிறுத்தத்தில் பெரிசாத் என் வேனில் ஏறினாள். கையில் கோப்பு எதுவும் இல்லை. கணவாயைத் தாண்டிய பிறகு கேட்டாள்.

"அண்ணா, அக்கா வீட்டுல இருப்பாங்களா?"

"இருப்பாங்க. என்னம்மா, பணம் ஏதும் கெடச்சிருச்சா?"

"இல்லண்ணா." ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "எங்கம்மா செத்ததும் அதே வருஷந்தான். ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா கொண்டுபோய்ப் பொதைச்சுட்டாங்க. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னேன். எங்க வீட்டுல யாருக்கும் பாடத் தெரியாது."

புருல் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அவளுக்கு முன்னால் நான் இறங்கினேன். வேலியிலிருந்து ஒரு கோலை உருவி, ஊன்றி நின்று, என் குரல் எவ்வளவு எட்டுமோ அவ்வளவுக்கு, "எங்க தாயே! போயிட்டியே!" என்று கதறினேன்.

மாவுக் கையோடு அக்கா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், என் பின்னால் தலையில் துணி கட்டி நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"அம்மா பேரு என்னம்மா?"

"ரைசா."

அவளை இழுத்து அணைத்து உள்ளே கூட்டிப்போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒப்பாரி எழுந்தது. தெருவில் ஒரு கதவு திறந்தது, அடுத்த கதவு திறந்தது. கோட்டைத் தோளில் மாட்டியும் மாட்டாமலும் பனியில் சறுக்கிக்கொண்டு எல்லாரும் அழுதபடி ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் ரைசா யாரென்று தெரியாது.