பூட்டிய சங்கிலியும் காணாமல்போன கேபிளும்

நாயிஃபின் தாயாருக்கு நாள்விட்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு தடவை, விடிந்தால் ஆஸ்பத்திரி என்றிருக்கையில், அவன் வீட்டு வெளிச்சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் ஃபியூஸ் போய்விட்டது. அவனோ தன் மின்சார வண்டியில் சார்ஜ் கேபிளைச் செருகியதும், அதில் விளக்கு எரிகிறதா என்றுகூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான். மாடி வீட்டு மஷ்ஹூர் அதைப் பார்த்தார். தன் பால்கனியிலிருந்து ஒரு ஒயரை இறக்கி, நாயிஃபின் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கி அதில் மாட்டிவிட்டார். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு இறங்கியபோது ஒயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கேபிளைப் பழையபடி செத்துக் கிடந்த பாயிண்டிலேயே செருகி வைத்துவிட்டுப் போனார்.

காலையில் வண்டியில் சார்ஜ் நிறைந்திருந்தது. பாயிண்டில் மட்டும் உயிரில்லை. நாயிஃப் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தான்: "என் வண்டி சாதாரணப்பட்டதில்ல. கரண்டே இல்லாத பாயிண்டுல இருந்து கரண்ட உறிஞ்சிருக்கு!"

கூட்டத்தில் நின்ற மஷ்ஹூர், "மாஷா அல்லாஹ்" என்றதோடு சரி. பல வருடம் கழித்து அவர் மனைவி வாய்தவறிச் சொல்லித்தான் நாயிஃபுக்கு விஷயம் தெரிந்தது.

மஷ்ஹூர் ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மூத்த மகன் பெயரைச் சேர்த்து அபூ ராத்திப் என்பார்கள். பெட்ரோல் விலை ஏற ஏற, அம்மானில் எங்கள் நுஸ்ஹா மேட்டுக்கு மின்சாரக் கார்களும் ஏறி வந்தன. பெரும்பாலும் சீனாவில் யாரோ ஓட்டி முடித்தவை. உள்ளே இருக்கும் திரை சீன மொழியில் என்னவோ எச்சரிக்கும். நாங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கிளப்பிவிடுவோம். பால்கனிக்குப் பால்கனி, காயும் துணிகளுக்கு நடுவே கேபிள்கள் தெருவுக்குத் தொங்கின. செம்புக்கு ஆசைப்பட்டு அவற்றை அறுத்துப் போகிறவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

கேபிள் விஷயத்தில் மேட்டுக்கே மஷ்ஹூர்தான் முஃப்தி. முடிதிருத்தும் ஷஹாதாவின் கடையில் உட்கார்ந்து தீர்ப்பு வழங்குவார்.

"சுருட்டி வச்சபடி சார்ஜ் போடாதீங்கப்பா, சூடாயிரும். நீட்டிப் படுக்க விடுங்க."

"தடிச்ச கேபிள் வாங்கினா சீக்கிரம் ஏறுமாமே, அபூ ராத்திப்?" என்பான் ஷஹாதா.

"தடிச்ச ஆளெல்லாம் வேகமாவா ஓடுறான்? உன்னையே பாரு. வீட்டு பாயிண்டு எவ்வளவு குடுக்குதோ அவ்வளவுதான் வரும்."

அதுவரை சரிதான். ஆனால் வண்டியைப் பூட்டினால் அதன் வாயே பிளக்கைக் கவ்விக்கொள்ளும், யாரும் உருவ முடியாது என்று நாயிஃப் சொன்னபோது மட்டும் அவர் ஏற்கவில்லை.

"சீனாக்காரன் பூட்ட நம்பி நான் தூங்கணுமா? போடா!"

வண்டியின் முன்மூடியை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. அதற்குள் மோட்டார் இருக்கிறது, தொட்டால் ஆளை இழுத்துவிடும் என்பது அவர் ஃபத்வா. கேபிளை வண்டியோடு பிணைக்க ராணுவ லாரியின் சங்கிலி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். முஷ்டி அளவுப் பூட்டு. போதாதென்று ஆட்டுக் கழுத்து மணி ஒன்று. காற்று அடித்தால்கூட மேடு முழுக்க மந்தை போவதுபோலச் சத்தம் கேட்கும். உம்ரா யாத்திரைக்குப் போனபோது பூட்டின் இன்னொரு சாவியை நாயிஃபிடம் கொடுத்தார். திரும்பி வந்தும் வாங்கிக்கொள்ளவில்லை. "உங்கிட்ட இருந்தா என்ன, எங்கிட்ட இருந்தா என்ன."

நாயிஃபிடம் சாவி கொடுப்பது மேட்டுக்குப் புதிதல்ல. வீடு வீடாகப் போய் கேஸ் அடுப்பும் கணப்பும் பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியையே அவனிடம் விட்டுப் போவார்கள். அந்தச் சாவிகள்தான் அவனுக்கு மரியாதை, அவைதான் அவனுக்குச் சோறு.

பெருநாளன்று வண்டியைத் தொடாத மஷ்ஹூர் மறுநாள் காலை இறங்கி வந்தார். சங்கிலி இருந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது. மணியும் இருந்தது. கேபிளைத்தான் காணோம்.

ஷஹாதாவின் கடையில் ஆளுக்கு ஆள் துப்புத் துலக்கினார்கள். கடைசியில் மஷ்ஹூர் தாடியைத் தடவிக்கொண்டு, "பூட்டு உடையல. சாவி எங்கிட்ட ஒண்ணு இருக்கு," என்று நிறுத்தினார். மீதியைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மீதியைச் சொல்லத்தான் எங்கள் மேடு இருக்கிறதே.

உச்சி வெயில் ஏறுமுன் அது நாயிஃபின் காதுக்கு வந்துவிட்டது. அவன் சண்டைக்குப் போகவில்லை. மனைவி சமீஹா கையில் சாவியை மேலே கொடுத்தனுப்பினான், ஒரு தட்டு மக்லூபாச் சோறுகூட இல்லாமல். வெறும் கையோடு மாடிக்குப் போனது அதுதான் முதல் தடவை என்று சமீஹா அழுதாள். பள்ளிவாசலில் இருவரும் தோளோடு தோள் நிற்பவர்கள். இப்போது நாயிஃப் மேடு இறங்கி வேறு பள்ளிக்குப் போனான்.

அதற்குப் பிறகுதான் சாவிகள் போக ஆரம்பித்தன. ஒவ்வொருவரும் வந்து கேட்டார்கள். காரணங்கள் மட்டும் எவ்வளவு அழகு!

"மச்சான் வெளிநாட்டுலருந்து வர்றான் நாயிஃப், அதான்."

"கதவுக்கு எண்ணெய் போடணும்னு வீட்ல சொன்னா."

"உன் மேல எனக்குச் சந்தேகமே இல்லப்பா," என்று யாரும் கேட்காமலேயே சொன்னார் மேட்டின் பெரியவர் ஹாஜி முஃப்லிஹ். சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

சாவி மாட்டும் பலகையில் கடைசியில் ஆணிகள் மட்டும் மிஞ்சின. வேலைக்கு அழைப்பதும் குறைந்தது. குளிர் வந்தும் யார் வீட்டுக் கணப்பும் கெடவில்லை போலிருக்கிறது.

"வேற ஏரியாவுக்குப் போயிரலாம்," என்றாள் சமீஹா.

"போனா? திருடன் ஓடிட்டான்னு சொல்லுவாங்க. இருந்தா திருடன் எதுத்தாப்புல இருக்கான்னு சொல்லுவாங்க," என்றான் நாயிஃப்.

மஷ்ஹூரின் வண்டிக்கு வருடாந்தரச் சோதனை வந்தது. ஷஹாதாவும் தன் வண்டியோடு அதே வரிசையில் நின்றான். சோதனைக்காரர் முன்மூடியைத் திறக்கச் சொன்னார்.

"வேண்டாம் சார், ஆள இழுத்துரும்," என்றார் மஷ்ஹூர்.

சோதனைக்காரர் சிரித்துக்கொண்டே தானே திறந்தார். உள்ளே சாமான் வைக்க ஒரு பெட்டி. அதில் கேபிள், துடைத்துப் பளபளவென்று, வட்டமாகச் சுருண்டு படுத்திருந்தது.

"என்ன பெரியவரே, பாம்பு வளக்கிறீங்களா?" என்றார்.

பெருநாளுக்கு முதல்நாள் மஷ்ஹூர் வண்டியைக் கழுவக் கொடுத்திருந்தார். கழுவியவன் சிரத்தையாக, பின்சீட்டில் கிடந்த கேபிளையும் துடைத்து, வைக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறான். அன்று வீடு திரும்பியபோது அந்தி மஃரிபு பாங்கு சொல்லிவிட்டது. தொழுகைக்கு ஓடிய அவசரத்தில் பழக்க தோஷத்தில் சங்கிலியைச் சுற்றி, பூட்டைப் பூட்டி, இழுத்தும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் மஷ்ஹூர். கேபிள் இல்லாத சங்கிலியை!

அவர் மேடு ஏறுமுன் ஷஹாதாவின் போன் ஏறிவிட்டது.

எங்கள் வழக்கப்படி, ஒருவன் பெயரைக் கெடுத்தால் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டால் போதாது. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஜாஹாவாகப் போக வேண்டும். கொலைக்கும் கல்யாணத்துக்கும் கூடுவதுபோல ஒரு கேபிளுக்காக மேடே அங்கவஸ்திரம் போர்த்திக் கிளம்பியது. முன்னால் ஹாஜி முஃப்லிஹ். நாயிஃபின் சின்னக் கூடத்தில் இடமில்லாமல் பாதிப்பேர் படிக்கட்டில் நின்றார்கள்.

காபி வந்தது. ஹாஜி கோப்பையை வாங்கித் தொடாமல் கீழே வைத்தார். கேட்டது கிடைக்கும்வரை ஜாஹா குடிக்காது.

"நாயிஃப் தம்பி, கேபிள் என்பது என்ன? ஒரு முனை வீட்டில், ஒரு முனை வண்டியில். மனுஷனுக்கு மனுஷன் அப்படித்தான்..." என்று ஹாஜி நெடுநேரம் பேசினார். பேச்சு மின்சார வாரியத்தைத் தாண்டிச் சொர்க்கம்வரை போயிற்று. மூலையில் மஷ்ஹூர் தலை குனிந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அபூ ராத்திப மன்னிச்சிட்டேன்," என்றான் நாயிஃப்.

ஹாஜியின் கை கோப்பைக்குப் போயிற்று.

"கொஞ்சம் பொறுங்க. ஒரே ஒரு நிபந்தனை. எங்கிட்ட இருந்து வாங்கிட்டுப்போன சாவியெல்லாம் அந்தப் பலகைக்குத் திரும்ப வரணும். அப்புறம் குடிங்க."

வந்தவர்களில் சாவி வாங்கிப் போகாதவர் யார்? படிக்கட்டில் நின்ற ஒருவருக்குத் திடீரென்று அவசர வேலை நினைவுக்கு வந்தது. அவர் அங்கவஸ்திரத்தைப் பக்கத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டார். காபி ஆறிக்கொண்டிருந்தது.

ஹாஜி முஃப்லிஹ் இருமினார். பிறகு பைக்குள் கைவிட்டு, தன் வீட்டுச் சாவியை எடுத்து, எழுந்துபோய் முதல் ஆணியில் மாட்டினார். "எதுக்கோ எடுத்துட்டு வந்தேன், நல்லதாப் போச்சு," என்றார்.

பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கையில் சாவி இல்லாதவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள். பலகை நிறைந்தது.

"குடிங்க, உங்க காபிய," என்றான் நாயிஃப். ஆறிப்போன காபியை எல்லோரும் தேனாகக் குடித்தார்கள்.

சில வருடம் கழித்து, மகனோடு இருக்க மஷ்ஹூர் அகபாவுக்குப் போனார். அங்கேயே மௌத்தாகிவிட்டார், அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக. அவர் அகபாவுக்குப் புறப்பட்ட அன்று சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு, நாயிஃப் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அண்ணே, அன்னைக்கு நெசமாவே என்னத்தான் நெனச்சீங்களா?"

மஷ்ஹூர் வண்டிக் கதவில் கை வைத்தபடி சொன்னார்:

"வெறும் சங்கிலியப் பூட்டிட்டுப் போன முட்டாள் நான்தான்னு நெனக்க மனசு வரலடா. நீ திருடன்னு நெனக்கிறது அதவிட லேசா இருந்துச்சு. அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால நீ மன்னிச்சது சபைக்காக. நெசமான மன்னிப்ப மெதுவாக் குடு, எனக்கு அவசரமில்ல."