எட்டுத் தறியும் நின்றால் பட்டாணி என்ன செய்யும்?

போன ஆடி கடைசி வாரத்தில் தடாவிலிருந்து நகரிக்குப் போனேன். சாயங்காலமே திரும்புவதாகக் கிளம்பியவன் நாலு நாள் தங்கிவிட்டேன். காரணம் பட்டாணி என்கிற இரண்டரை வயது மட்டக்குதிரை.

என் தங்கை மகள் செல்வி நகரியில் விசைத்தறி ஓட்டுகிறாள். தறிக்கொட்டகைச் சுவரை ஒட்டிக் கட்டிப்போட்டு, எட்டு மாதக் குட்டியிலிருந்து பட்டாணியை அவளே பழக்கியிருக்கிறாள். கொட்டகைக்காரர் அந்த இடத்தில் இன்னும் நாலு தறி போடப்போகிறார். ஆவணிக்குள் குதிரை வேறிடம் போயாக வேண்டும். திருச்சானூரில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் சுப்பையா, வியாழக்கிழமை சோதித்துப் பார்த்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். "நீ அத்தினி வருசம் ஜட்கா ஓட்டிக்கீற. ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போ மாமா" என்று செல்வி போன் செய்தாள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். நேரமும் டிக்கெட்டும் என் ஞாபகத்திலிருந்து, தைரியமாக நம்பலாம்.

திங்கள் காலை 5.40க்குத் தடாவில் பஸ். சத்தியவேடு 6.25, டிக்கெட் முப்பது ரூபாய். ஒரு டீ குடித்துவிட்டு, நாகலாபுரம் வழியாகப் புத்தூர் போகும் பஸ்ஸை 6.50க்குப் பிடித்தேன். எழுபத்தைந்து ரூபாய். எங்கே போகிறேன் என்று கண்டக்டர் கேட்டார். சொன்னேன்.

"குதிரையப் பாக்க பஸ்ல போற ஆளு நீ ஒர்த்தன்தான் தாத்தா. வரசொல்ல அது மேலயே வந்துடு, டிக்கெட்டு மிச்சம்."

நாகலாபுரம் கோபுரத்தை ஜன்னலிலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். நேரம் இருப்பவர்கள் இறங்கிப் பார்க்கலாம். எனக்கு மனசெல்லாம் குதிரையில் இருந்தது. புத்தூர் 8.35. அங்கிருந்து இருபத்தைந்து ரூபாயில் நகரி, 9.10.

செல்வி வேலை செய்யும் கொட்டகையை யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. ஒரு தெரு முன்னாலேயே எட்டுத் தறியின் சத்தம் காலுக்கடியில் அதிர்கிறது. அந்தச் சத்தத்தின் பக்கத்தில் பட்டாணி அரைக்கண் மூடி நின்றுகொண்டிருந்தது.

"மேளத்துக்கும் பட்டாசுக்கும் மிரளக் கூடாதுன்னுதான் இங்க கட்னேன் மாமா. இந்தச் சத்தத்துலதான் தூங்குது, இந்தச் சத்தத்துலதான் துன்னுது" என்றாள் செல்வி.

அவள் பழக்கியிருந்த விதம் எனக்குப் புதிது. முதல் மாதம் முழுக்கக் கழுத்தைத் தடவியது மட்டும்தான். பிறகு முதுகில் வெறும் கோணிப்பை. அது பழகியதும் கழிவுநூல் மூட்டை, அப்புறம் மணல் மூட்டை. கடிவாளத்துக்குப் பதில் துணி சுற்றிய கயிறு, அதில் வெல்லம் தடவி. பட்டாணி தானே வாயைத் திறந்து கயிற்றை வாங்கிக்கொண்டது. நான் பழக்கிய மூன்றாவது குதிரைக்கு முதல் நாளே முள் கடிவாளம் போட்டேன். வாய்க்குள் குத்தி ரத்தம் காட்டும் இரும்பு. பதினோரு வருஷம் அது என் வண்டியை இழுத்தது. ஒருநாள்கூட என் கையிலிருந்து ஒரு வாய் புல் தின்றதில்லை.

11.20க்குக் கரண்ட் போனது. எட்டுத் தறியும் ஒரே நேரத்தில் நின்றன.

பட்டாணி ஒரு துள்ளு துள்ளியது. முளையைப் பிடுங்கிக்கொண்டு, கயிறு பிடித்திருந்த செல்வியைப் பத்தடி இழுத்துப்போய்ச் சாக்கடை ஓரத்தில்தான் நின்றது. உடம்பெல்லாம் நடுக்கம். சத்தத்துக்கு மிரளாத குதிரை, சத்தம் நின்றதற்கு மிரண்டுவிட்டது.

"எப்பவும் கரண்டு போனா நாங்க காத்தாட வெளிய வருவோம், பேசிக்கினு இருப்போம். அது கயிற இழுத்துக்கினு நிக்கும், வெளையாடுதுன்னு நெனச்சேன்" என்றாள் செல்வி. உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. அதை அவள் பார்க்கவேயில்லை. "ஊர்வலத்துல மேளம் நிக்காதா மாமா? மிரண்டா முள் கடிவாளம்தான்னு சுப்பையா அண்ணன் முன்னாடியே சொல்லிட்டாரு."

பக்கத்துத் தறி ஓட்டும் ராணி வெளியே வந்தாள். "கரண்டு நிறுத்தனாத்தான் நிக்கணுமா? நாமளே நிறுத்துவோம். ஒண்ணொண்ணா."

நெய்த துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். தறி நின்றால் அவர்களுக்கு நஷ்டம். இருந்தும் செவ்வாய் காலை ராணி தன் தறியை நிறுத்தினாள். ஏழு தறிச் சத்தம். அந்த நேரம் செல்வி பட்டாணியின் இடது முன்னங்காலைத் தூக்கி, குளம்பை மரக்குச்சியால் சுத்தம் செய்து, துணியால் துடைத்துவிட்டாள். தறி மறுபடி ஓடியதும் காலை விட்டாள். அடுத்த முறை இரண்டு தறிகள் நின்றன. மதியத்துக்கு மேல் மூன்று. சத்தம் குறையும்போதெல்லாம் அதே கால், அதே துணி.

"எவனோ மாப்ள ஏறப்போற குதிர. எங்க கூலிய அவன் குடுப்பானாடி?" என்றாள் ராணி.

"மொய் வெச்சதா நெனச்சுக்கோ!" என்றாள் செல்வி.

புதன் நாலு மணிக்கு எட்டுத் தறியும் நின்றன. பட்டாணி கொள்ளு மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கொட்டகையில் அதை யாரும் அதுவரை கேட்டதில்லையாம். எல்லாரும் வாசலில் வந்து நின்று கேட்டார்கள்.

வியாழன் 6.30க்கு மினி லாரி. தரையில் மணல் கொட்டி, பட்டாணியை முகம் முன்பக்கமாக நிறுத்தினோம். ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் என்று டிரைவர் மீட்டர் பார்த்துச் சொன்னார். 8.15க்குத் திருச்சானூர்.

கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் காலி மனை. சுப்பையா நாலு மேளக்காரர்களோடு காத்திருந்தார். தோளில் முள் கடிவாளம். மேளம் அடித்தார்கள், சரவெடி வைத்தார்கள். பட்டாணி காதைக்கூட அசைக்கவில்லை. "பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சியவர், சட்டென்று கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார்.

பட்டாணியின் இரண்டு காதும் விறைத்தன. கழுத்துத் தோல் ஒரு நடுக்கம் நடுங்கியது. செல்வி கயிற்றை இறுக்கவில்லை, தளர்த்தினாள். அது மெதுவாக இடது முன்னங்காலைத் தூக்கியது. தூக்கிய காலோடு அப்படியே நின்றது.

"எந்துக்கும்மா காலத் தூக்கினு நிக்குது?" என்று கேட்டார் சுப்பையா.

"குளம்பத் தொடச்சி உடுன்னு கேக்குதுண்ணா."

மேளக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். சுப்பையா குனிந்து, தோள் துண்டால் குளம்பைத் துடைத்தார். துடைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, பட்டாணி காலைக் கீழே வைத்தது. செல்வி கையை நீட்டினாள். "அந்த முள்ளக் கழட்டி எங்கிட்ட குடுண்ணா. அப்பால கயிறு தரேன்."

அவர் கொடுத்தார். நான் எத்தனையோ குதிரைகளோடு வாழ்ந்தவன். என் கைக்குள் நின்றவை எல்லாம் பயத்தில் நின்றவை. தானே காலைக் கொடுத்த குதிரையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பும் வழி: திருச்சானூரிலிருந்து திருப்பதிக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். அங்கிருந்து பஸ், தடாவுக்குச் சூளூர்ப்பேட்டையில் மாற வேண்டும். போர்டு படிக்கத் தெரியாதவர்கள் வெட்கப்படாமல் கண்டக்டரிடம் இரண்டு முறை கேளுங்கள். முதல் பதில் சில சமயம் வேறு ஆளுக்கானது. நகரியில் தறி பார்க்கப் போகிறவர்கள் காலை பத்துக்கு முன்னால் போங்கள், உள்ளே அனல்.

ஆவணியில் திருச்சானூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேளம் நிற்கும்போது ஒரு மட்டக்குதிரை இடது முன்னங்காலைத் தூக்கினால், பயந்து விலகாதீர்கள். கையில் இருக்கும் துணியால் குளம்பைத் துடைத்துவிடுங்கள். அது அதற்காகத்தான் நிற்கிறது.