மழைத் தெருவின் மூன்று அடி

அங்குலம் ஒரு சோப்புக் கட்டியை இரண்டாக வெட்டினாலும் அடிக்கோல் வைத்துத்தான் வெட்டுவார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அதை அவருடைய அடையாள அட்டையிலும் பள்ளிக்கூடத்துப் பலகையிலும் மட்டும்தான் பார்க்க முடியும். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அங்குலம்தான். இரண்டு தெரு, முப்பத்திரண்டு வீடு, ஒரு ரொட்டிக்கடை, ஒரு பள்ளிக்கூடம் என்று இன்றைக்கு நிற்கிற இந்த ஊர், நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வெறும் முள்ளும் கல்லுமாகக் கிடந்தது. கயிறு பிடித்து அளந்து அதை ஊராக்கியவர் அவர். புதிதாக வந்தவர்களிடம் இதைச் சொல்ல யாராவது மறந்தால் அவரே சொல்லிவிடுவார்.

இந்த அளவுப் பைத்தியம் சும்மா பிடித்ததில்லை. அவருடைய அப்பாவோடு சேர்த்து அண்ணன் தம்பி நாலு பேர். நிலத்தை நாலாகப் பிரித்துக் கல் நட்டார்கள். பெரியப்பா ஒவ்வொரு உழவுக்கும் எல்லைக் கல்லை ஒரு சாண் தள்ளி வைப்பார். கேட்டால், "கல்லு நடக்குமா தம்பி?" என்று சிரிப்பார். பத்து வருஷத்தில் கல் நன்றாகவே நடந்தது. அப்பாவுக்கு மிஞ்சியது ஒரு மாடு படுத்தால் வால் வெளியே கிடக்கிற அளவு இடம். சண்டை போடத் தெரியாத மனிதர், மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கி, ஐம்பதைத் தொடாமலே போய்ச் சேர்ந்தார். தன் கையால் எவனுக்கும் ஓர் அங்குலம் குறையக்கூடாது என்று மகன் அன்றைக்கு முடிவு கட்டினார்.

அவர் கிணறு வெட்டுகிறவர். ஆற்றங்கரையில் இருந்த பழைய குடிசைகளையெல்லாம் வெள்ளம் வாரிக்கொண்டு போன வருஷம், அதிகாரிகள் மேட்டு நிலத்தை மொத்தமாகக் காட்டி, "ரெண்டு நாள்ல பிரிச்சு யார் யாருக்கு எதுன்னு எழுதிக் கொடுங்க, இல்லைன்னா வேற ஊர்க்காரங்களுக்குப் போயிடும்" என்றார்கள். முப்பத்திரண்டு குடும்பமும் இவரைப் பார்த்தது. காரணம், கயிறு இவரிடம்தான் இருந்தது. நார்க் கயிறு உள்ளங்கையை உரிக்கும் என்று பஞ்சு நூலில் அவரே முறுக்கிய கயிறு, சரியாக அறுபது அடி. ஒரு மனையின் அகலம் ஒரு கயிறு. நீளம் தெருவிலிருந்து பின்பக்க வாய்க்கால் வரைக்கும்.

முதல் நாள் வெயில் கொளுத்தியது. கிழக்கு வரிசையில் பதினாறு மனை அளந்து முடித்தார். இரண்டாம் நாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கென்று பார்த்து, தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் அவருடைய மனைவிக்கு வலி கண்டுவிட்டது. "கொஞ்சம் விடட்டும்யா" என்றார்கள். அவர் கேட்கவில்லை. தொப்பலாக நனைந்துகொண்டு மேற்கு வரிசையை அளந்தார். பன்னிரண்டாவது மனையில் நிற்கும்போது ஒருத்தி ஓடிவந்து பெண் குழந்தை என்றாள். "நாலு மனை பாக்கி இருக்கு, முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவருடைய மனைவி நாற்பத்திரண்டு வருஷமாகக் கையோடு வைத்திருக்கிறாள். குழம்பில் உப்பு இல்லை என்று அவர் முகம் சுளித்தால் போதும், "நாலு மனை பாக்கி இருக்கு, முடிச்சுட்டுப் போடறேன்" என்பாள்.

சீட்டுக் குலுக்கி மனை கொடுத்தார்கள். எல்லாரும் எடுத்த பிறகு மிஞ்சிய சீட்டை அவர் எடுத்துக்கொண்டார். மேற்கு வரிசையில் பதினாலாவது மனை. கிழக்கு வரிசைக்கு வெயில் தெரு என்றும் மேற்குக்கு மழைத் தெரு என்றும் தானாகவே பெயர் வந்துவிட்டது. மழைத் தெருக் கோடியில் மட்டும் கொஞ்சம் இடம் மிச்சம். நிலம் அந்தப் பக்கம் கொஞ்சம் நீளம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். கயிற்றைச் சந்தேகப்படுகிற புத்தி அவருக்கு வரவே இல்லை. பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தில் இரண்டு அறையில் பள்ளிக்கூடம் எழும்பியபோது, இடம் அளித்தவர் என்று போட்டு அவர் பெயரை வாசல் பலகையில் எழுதினார்கள். அவர் அளந்ததால்தானே மிஞ்சியது என்று ஊர் சொன்னது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் அந்தப் பக்கம் போகும்போது தோளில் கிடக்கும் துண்டால் பலகையை ஒரு துடை துடைத்துவிட்டுப் போவார். யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் பட்டா கொடுப்பதற்காக சர்வேயர் அம்மா வந்து இறங்கினாள். முக்காலியில் ஒரு கருவி, கையில் ஒரு சின்னத் திரை, உதவிக்கு ஆளே இல்லை. அங்குலம் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். வெயில் தெரு முழுக்க அறுபது, அறுபது, அறுபது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பார்த்தீங்களாம்மா? மிஷின் இல்லை, மண்ணாங்கட்டி இல்லை. வெறும் கயிறு."

"நல்லா அளந்திருக்கீங்க ஐயா" என்றாள் அவள். பிறகு மழைத் தெருவுக்குள் திரும்பினார்கள். முதல் மனையில் திரை ஐம்பத்தேழு காட்டியது.

"மிஷினுக்கு வெயில் ஏறிடுச்சு போல" என்றார் அங்குலம்.

அவள் சிரித்துக்கொண்டே இரும்பு நாடாவை எடுத்துப் பிடித்துக் காட்டினாள். ஐம்பத்தேழு. அடுத்த மனை ஐம்பத்தேழு. பதினாறு மனையும் ஐம்பத்தேழு. அவருடைய சொந்த மனை உள்பட. ஊரார் மனையெல்லாம் அளந்தவர் தன் மனையை ஒரு நாளும் திரும்ப அளந்து பார்த்ததில்லை. "நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துல எல்லார் முன்னாடியும் அளவைப் படிப்பேன். ஆட்சேபணை இருந்தா அங்கேயே சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு அவள் கருவியை மடக்கினாள். அவர் குடையை மடக்க மறந்து நின்றார். பெரியப்பா கல்லை நகர்த்தினார், நான் என்ன செய்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

மழையில் பிறந்த மகள் இப்போது தையல்காரி. ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் அவளுக்கு இரண்டு தையல் மிஷின் ஓடுகிறது. அப்பா முகத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பஞ்சுதானேப்பா? புதுத் துணியைத் தண்ணியில முக்காம தைச்சா, முதல் துவையல்ல முழங்காலுக்கு ஏறிடும். கயிறும் அதேதான். நனைஞ்சிருக்கு, சுருங்கியிருக்கு."

"அன்னிக்கே ஒரு தடவை அடிக்கோல் வெச்சுப் பார்த்திருக்கணும்."

"அன்னிக்கு உங்களுக்கு நாலு மனை பாக்கி இருந்துச்சு" என்றாள் மகள். அவளும் அம்மா பிள்ளைதான்.

நாளைக்கு ஊர் கேட்பதற்கு முன்னால் தன் வாயாலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, அன்று மாலையே மழைத் தெருவில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். அது சலவைக்காரம்மா வீடு. "உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்மா, உன் மனை..." என்று ஆரம்பித்ததும், "அட, இந்தப் போர்வையை ஒரு முனை பிடிங்க, மடிக்கணும்" என்று கையில் திணித்தாள். ஆறு போர்வை மடித்தும் விஷயத்துக்கு வர முடியவில்லை. ரொட்டிக்காரர் வீட்டில் வாயைத் திறந்ததும் சூடாக ஒரு ரொட்டியை உள்ளே வைத்துவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் பல் வலி என்றார்கள். நான்காவது வீட்டுக்காரன் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே கொல்லைப் பக்கமாக நழுவினான். எட்டாவது வீடு கொத்தனாருடையது. இவர் வயசுக்காரர், சிநேகிதர், தெருவில் பாதி வீட்டுக்குச் சுவர் எழுப்பியவர். அங்கே அங்குலம் வாசற்படியை மறித்து உட்கார்ந்துகொண்டார்.

"இதைக் கேட்காம நீ உள்ள போக முடியாது. உன் மனையில மூணு அடி குறையுது."

கொத்தனார் கரண்டியில் ஒட்டியிருந்த காய்ந்த சிமெண்டைச் சுரண்டினார். "தெரியும்யா."

"என்ன தெரியும்?"

"முதல் வீட்டுக்கு அஸ்திவாரம் போட நூல் பிடிச்சப்பவே தெரியும். முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. தெருவுக்கே தெரியும். உன்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

அங்குலத்துக்கு வந்த கோபத்தில் துண்டு கீழே விழுந்தது. "இத்தனை வருஷமா என்னை முட்டாளாக்கி வெச்சிருந்தீங்களா? ஒருத்தனுக்காவது வாய் இல்லையா?"

"உன் வீட்டுக்காரம்மாதான் சொல்லக்கூடாதுன்னாங்க. என்னை எதுக்கு முறைக்கிறே? அவங்களைப் போய்க் கேளு."

வீட்டில் அவள் விளக்கைப் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் எகிறிக் குதித்தார். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? மறுநாளே கயிறைத் தூக்கிட்டுக் கிளம்பியிருப்பீங்க. பதினாறு மனையையும் திரும்ப அளந்து முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் சுவர் எழுப்பக்கூடாதுன்னு ஒத்தைக் கால்ல நின்னிருப்பீங்க. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு நான் ஏழு வருஷம் கூடாரத்துல இருந்தவ. சுவருக்குள்ள ஒரு நாள் நிம்மதியா தூங்கணும்னு ஆசைப்பட்டேன். தெருவுல எல்லாரும் அதைத்தான் ஆசைப்பட்டாங்க."

அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அவர் அப்படித்தான் செய்திருப்பார். இப்போதுகூடக் கடப்பாரை எங்கே இருக்கிறது என்றுதான் மனசின் ஒரு மூலை யோசித்துக்கொண்டிருந்தது. கோபம் இறங்கி, பசி வந்து, சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவருக்குக் கணக்குப் பிடிபட்டது. பதினாறு மூன்று நாற்பத்தெட்டு. பள்ளிக்கூடத்து இடத்தின் அகலம் நாற்பத்தெட்டு அடி. கையில் எடுத்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

"என்னங்க?"

"அந்தப் பலகை" என்றார். "அது நான் கொடுத்த இடம் இல்லை."

அந்தப் பலகை அவருக்கு என்ன என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? "முதல்ல சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் பெரியவர்கள் எல்லாரும் சின்னப் பெஞ்சுகளில் முழங்காலைத் தாடையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சர்வேயர் அம்மா வெயில் தெருவைப் படித்தாள். பிறகு மழைத் தெரு. ஐம்பத்தேழு, ஐம்பத்தேழு என்று அவள் படிக்கப் படிக்க, யாரும் முகத்தில் ஆச்சரியம் காட்டவே இல்லை. சலவைக்காரம்மா கொட்டாவி விட்டாள். ஆட்சேபணை உண்டா என்றதற்குப் பதினாறு வீட்டிலிருந்தும் ஒரு சத்தம் இல்லை.

"கடைசியா, பள்ளிக்கூட இடம். நாற்பத்தெட்டு அடி. இடம் அளித்தவர்..." என்று அவள் அங்குலத்தின் பெயரைப் படிக்க வாயெடுத்தாள்.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்று அங்குலம் எழுந்தார். பெஞ்சும் கூடவே எழுந்துவிட்டது, கொத்தனார் பிடித்துக் கீழே அழுத்தினார்.

ராத்திரி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு அந்த நேரத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "நான் நனைஞ்ச கயிறால அளந்தேன். இந்தத் தெருவுல ஒவ்வொரு வீட்லயும் மூணு அடி குறைஞ்சு போச்சு. அப்படிக் குறைஞ்சதுதான் இந்த இடம். நான் கொடுத்ததுன்னு முப்பத்திரண்டு வருஷமா பலகையைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். என் பேரை எடுத்துடுங்கம்மா."

சர்வேயர் அம்மா பேனாவால் அந்த வரியை அடித்தாள். "இந்தக் கட்டத்தை வெறுமையா விட முடியாது ஐயா. யார் பேரை எழுதறது?"

"பதினாறு வீட்டுப் பேரையும் எழுதுங்க."

வெயில் தெருவிலிருந்து ஒருத்தர், "அப்ப எங்க தெருவுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார். "உங்க கயிறு நனையலையே" என்றாள் சலவைக்காரம்மா. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சர்வேயர் அம்மா அந்தச் சின்னக் கட்டத்துக்குள் பொடிப்பொடியாக எழுதிக்கொண்டே ஒவ்வொரு பெயராகச் சொல்லி, மூன்று அடி என்று படித்தாள். ஒவ்வொருவரும் கூப்பிட்டதும் எழுந்து, வகுப்பில் வருகைப் பதிவுக்குச் சொல்வதுபோல "இருக்கேன்" என்றார்கள். ரொட்டிக்காரர் கையைக்கூடத் தூக்கினார். பதிமூன்றாவது பெயர் முடிந்தது. பதினாலாவதாக அவள் படித்த பெயர் அங்குலத்துக்கு யாருடையதோ மாதிரி இருந்தது. பலகையில் தனியாகப் பார்த்துப் பழகிய பெயர், இப்படி வரிசையில் வந்ததும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மனைவி முழங்கையால் இடித்தாள். அவர் எழுந்தார். வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது.

"இருக்கார்" என்றாள் மனைவி.

"மூன்று அடி" என்று படித்துவிட்டு சர்வேயர் அம்மா அடுத்த பெயருக்குப் போனாள். பதினைந்தாவது வீட்டுக்கும் மூன்று அடி, பதினாறாவது வீட்டுக்கும் மூன்று அடி. அங்குலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விரல் விட்டு ஒரு தடவை சரிபார்த்தார். அவர் கணக்கில் யாருக்கும் ஓர் அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.