கட்டத்துக்குள் ஒரு புள்ளி

நாளிதழ் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், பழைய இதழ்ப் பிரிவில் வேலை பார்க்கும் அவளுக்குக் 'கட்டம்' என்று பெயர். எதைத் தேடச் சொன்னாலும் முதலில் தாளில் ஒரு கட்டம் போட்டுவிடுவாள். வீட்டில் அம்மா கண்ணாடியைத் தொலைத்தால்கூட, "எந்த ரூம், எத்தனை மணிக்கு?" என்று இரண்டே கேள்விதான்.

அறுபது ஆண்டு இதழ்களையும் அவள் கணினியில் புள்ளிகளாக்கியிருந்தாள். ஒவ்வொரு சொல் தொடங்கும் இடத்துக்கும் ஒரு புள்ளி. அங்கிருந்து வரும் வாசகத்தின் அகரவரிசைப்படி இடமிருந்து வலமாக. அச்சான தேதிப்படி கீழிருந்து மேலாக. ஒரே மாதிரி தொடங்கும் வாசகங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வாசகத்தைச் சொன்னால் செங்குத்தாக ஒரு பட்டை, காலத்தைச் சொன்னால் குறுக்கே ஒரு பட்டை. இரண்டும் வெட்டும் கட்டத்துக்குள் பார்த்தால் போதும். மற்ற கோடிப் புள்ளிகளை ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம்.

அந்தத் தேடல் முறை பயன்பாட்டுக்கு வந்த முதல் நாள், பகல் இரண்டு மணிக்கு, பேருந்து ஓட்டுநர் ஒருவர் மனைவியோடு வந்து நின்றார். நான்கு மணிக்குப் பக்கத்துத் தெருவில் அவருக்குப் பணிநிறைவு விழா.

"நான் பேப்பர்ல வந்திருக்கேம்மா. ஒரு அம்மா என்னைப் பாராட்டி லெட்டர் போட்டாங்க. இன்னைக்கு மேடையில படிக்கணும்."

"முப்பத்தஞ்சு வருஷமா இதே கதைதான்," என்றார் மனைவி. "இதைச் சொல்லித்தான் எங்கப்பாவையே கவுத்தாரு. அந்தப் பேப்பரை இதுவரைக்கும் ஒருத்தரும் கண்ணால பார்த்ததில்ல."

"என்ன எழுதியிருந்தாங்க சார்?"

"'கதவைத் திறந்து'ன்னு ஒரு இடத்துல வரும். அவ்வளவுதான் ஞாபகம். ஜூன் ஒண்ணாம் தேதி வேலைக்குச் சேர்ந்தேன். மூணு வருஷம் கழிச்சு, மே முப்பதாம் தேதி கல்யாணம். அதுக்குள்ளதான்."

அவள் தாளில் ஒரு கட்டம் போட்டாள். ஆண்டுகளையும் கேட்டுக் கணினியில் தட்டினாள். இருநூறுக்கு மேல் செய்திகள் வந்து விழுந்தன.

"அடேங்கப்பா! மூணு வருஷத்துல இத்தனை பேரா கதவைத் திறந்தாங்க?" என்றார் மனைவி.

"பாதி திருட்டுக் கேஸா இருக்கும்," என்றார் ஓட்டுநர். ஆனால் அவர் முகம் காற்றுப்போன டயராகியிருந்தது.

முதலில் நின்ற செய்தியைப் பார்த்தாள். போன வருடத்துச் செய்தி! அதற்கு அடுத்தது ஐம்பது வருடம் பழையது. இரண்டுமே ஒன்றாம் தேதி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசகங்களை அடுக்கிய கையோடு தேதிகளையும் எழுத்துகளைப் போலவே அடுக்கியிருக்கிறாள்! நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் நாள் முன்னால் இருந்ததால் எல்லா ஆண்டுகளின் ஒன்றாம் தேதிகளும் ஒரே கும்பல். ஒன்று முதல் முப்பது வரை என்றதும் கிட்டத்தட்ட எல்லாமே கட்டத்துக்குள் நுழைந்துவிட்டன.

"தப்பு என்னோடது சார். கதை உண்மையான்னு இனிமேதான் தெரியும்."

ஆண்டை முன்னால் வைத்து மறுபடி அடுக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. மனைவி ஆரஞ்சு உரித்து மூவருக்கும் கொடுத்தார். ஓட்டுநர் சுளையைக் கையிலேயே வைத்திருந்தார்.

மூன்றேகாலுக்கு மீண்டும் தட்டினாள். கட்டத்துக்குள் பதினோரு புள்ளிகள். பத்து, திருட்டு. பதினொன்றாவது, வாசகர் கடிதம்.

"கொட்டும் மழையில் குழந்தையோடு ஓடினேன். நகர்ந்த பேருந்தை நிறுத்தி, கதவைத் திறந்து, நான் உட்காரும்வரை காத்திருந்தார், பச்சைத் தொப்பி போட்ட அந்த இளம் ஓட்டுநர்."

"ஐயோ, அந்தப் பச்சைத் தொப்பி!" மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். "கல்யாணமான மறுவாரமே நான்தானே தூக்கிப் போட்டேன்!"

ஓட்டுநர் அப்போதுதான் சுளையை வாயில் போட்டுக்கொண்டார். அச்செடுத்த தாளுக்கு அவர் கை நீட்டுமுன் மனைவி வாங்கிவிட்டார்.

"மேடையில நான் படிக்கிறேன். நீங்க படிச்சா அளக்கிறீங்கன்னுவாங்க." கதவருகே போனவர் திரும்பினார். "அந்தக் கட்டத்தையும் குடும்மா."

அவள் கட்டத்துக்குள் ஒரே ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தாள்.