ஓடைக்குக் கிழக்கே ஒரு கோடு

கல்லக்கா முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. வார நாளெல்லாம் வகுப்பு, சனி ஞாயிறு பல்கலைக்கழகத்தில் பாறை ஆராய்ச்சி. கூடப் படித்த சின்னஞ்சிறுசுகள் வைத்த பெயர்தான் கல்லக்கா. அவள் தோள்பையை ஒருமுறை தூக்கிப் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பெயருக்குக் காரணம் கேட்டதில்லை.

பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று சேர்ந்த அன்றே ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். பாடத் தேர்வுகள் ஒருவழியாக முடிந்தன. தகுதித் தேர்வில் முதல் தடவை தோற்று, அடுத்த தடவை காய்ச்சலோடு எழுதித் தப்பித்தாள். பத்திரிகைகளில் இரண்டு கட்டுரைகள் வந்திருக்க வேண்டும். சொந்தக் காலால் நடந்து வரைந்த பாறை வரைபடம் வேண்டும். கடைசியில் ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டை எட்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எட்டாவது வருஷம் ஆய்வேடு ஏறக்குறைய தயாரானபோது அவளுக்கு முழங்கால் தேய்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து, அவள் வரைந்த மலைச்சரிவை வெட்டிப் புதுச் சாலை போட்டார்கள். புகைப்படம் எடுக்கப் போனவள் வெட்டுச் சுவரின் முன் அப்படியே நின்றுவிட்டாள். சுண்ணாம்புப் பாறை முடிந்து கருங்கல் தொடங்கும் எல்லையை ஓடையோரமாக அவள் வரைந்திருந்தாள். மண் மூடிய இடம், அது வெறும் ஊகம்தான். உண்மையான எல்லை கிழக்கே அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வெளிவந்த கட்டுரைகளில் ஒன்று அந்தத் தப்புக் கோட்டை நம்பித்தான் எழுதப்பட்டது.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கெடு முடிய நாலு மாசம்தான் இருக்கு. இப்படியே கொடுத்துடுங்க. யாரு அங்க போய்ப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே சார்."

சொன்ன பிறகு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து அழுதாள். கணவருக்கு மருந்துக்கடை. கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டுப் பதினோரு நாள் அவளோடு மலைக்கு வந்தார். அவருக்குக் கருங்கல்லும் ஒன்றுதான், செங்கல்லும் ஒன்றுதான். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார். அவள் முள்ளுக்குள் புகுந்து, இடம் இடமாகத் தோண்டிப் பார்த்துப் புதுக் கோடு இழுத்தாள். மூன்றாம் அத்தியாயத்தை முழுக்கத் திருப்பி எழுதினாள். தன் கட்டுரையில் தவறு இருக்கிறது என்று பத்திரிகைக்கு அவளே எழுதிப் போட, திருத்தம் அச்சில் வந்தது.

அதுவே புது வில்லங்கம் ஆயிற்று. திருத்தம் வந்த கட்டுரை இரண்டில் ஒன்றாகச் சேருமா என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. மேஜை மேஜையாக அலையவிட்டார்கள். கடைசி மேஜை எழுத்தர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டுக் கொட்டாவி விட்டார்.

"சேராதுன்னு எங்கயும் எழுதலையே மேடம்," என்று முத்திரையைக் குத்தினார். கெடுவுக்கு ஆறு நாள் மிச்சம் இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எடுத்த எடுப்பில் அந்தக் கோட்டில்தான் கை வைத்தார். "ஒரு தடவை தப்பாப் போட்டிருக்கீங்க. இது சரின்னு எப்படி நம்புறது?"

"போன தடவை ஊகிச்சேன் சார். இந்தத் தடவை முப்பத்திரண்டு இடத்துல தோண்டினேன். வடக்கே ரெண்டு இடம் இன்னும் தெரியல. தெரியலன்னே எழுதியிருக்கேன்."

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மேலும் இரண்டு மணி நேரம் குடைந்தெடுத்துவிட்டு, தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டார்.

சின்னஞ்சிறுசுகள் கை தட்டினார்கள். வெளியே காத்திருந்த கணவர், சந்தோஷமா என்று கேட்டார்.

"தெரியலங்க. தூக்கம்தான் வருது."

திரும்பும் பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். இறங்க வேண்டிய இடம் வந்தது, போயிற்று. அவர் எழுப்பவில்லை. கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள்.