தாமல் ஏரியும் என் பரலோகமும்

முதலில் விரல்களில்தான் தெரிந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுவது என் வேலை. அன்று ஒரு கல்யாண வீட்டாருக்காக முந்தானையைப் பிடித்து உதறினேன். துணி கையிலிருந்து நழுவி விழுந்தது. விரல் நுனிகளில் பஞ்சு சுற்றியதுபோல ஒரு மரமரப்பு. மாலையில் செவிலிமேட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸின் படியில் கால் ஏறவில்லை. கண்டக்டர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

மறுநாள் காலை எழுந்து நிற்க முடியவில்லை.

நரம்பியல் மருத்துவர் சிறிய சுத்தியலால் என் முழங்காலைத் தட்டினார். கால் அசையவே இல்லை. முதுகுத்தண்டு நீரைப் பரிசோதித்த பிறகு சொன்னார்: "இது கிலன் பாரே. உங்க எதிர்ப்பு சக்தியே உங்க நரம்ப எதிரின்னு நெனச்சு அடிக்குது. கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும். மூச்ச தொடலாம். ஆனா பெரும்பாலானவங்க திரும்பி வந்துடுவாங்கம்மா. பொறுமைதான் வேணும்."

அவர் சொன்னபடியே ஏறியது. இம்யூனோகுளோபுலின் (கொடையாளர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) நரம்பில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே மூச்சு முட்டியது. வென்டிலேட்டரில் (செயற்கைச் சுவாசக் கருவி) போட்டார்கள். நான் சபையின் பாடகர் குழுவில் பாடுகிறவள். இப்போது என் தொண்டைக்குள் ஒரு குழாய் இருந்தது. அசைக்க முடிந்தது இமைகளை மட்டும்தான்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது அப்படிப் படுத்திருந்தால், அல்லது அப்படிப் படுத்திருப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், ஒன்று சொல்கிறேன். உள்ளே இருப்பவருக்கு எல்லாம் கேட்கும்.

சபையிலிருந்து ரூத் அக்கா வந்தார். என் காதருகே குனிந்தார். "பயப்படாத எஸ்தர். பரலோகத்துல வலி இல்ல, கண்ணீர் இல்ல. ராத்திரியே கிடையாது. எப்பவும் வெளிச்சந்தான்" என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இரவு கிடையாது. குழல்விளக்குகளை அணைப்பதே இல்லை. ஜன்னலும் இல்லை. பரலோகமும் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். என் இதயத் துடிப்பு எகிறி, தலைமாட்டில் இருந்த கருவி அலறியது. நர்ஸ் ஓடிவந்து அக்காவை வெளியே அனுப்பினார்.

சிறுவயதிலிருந்து நான் பாடிய பரலோகம் பொன்னாலும் முத்தாலும் ஆனது. அங்கே ஒரு புல்கூட முளைத்ததாக எனக்கு நினைவில்லை. அந்த ஊருக்குப் போக எனக்கு ஆசை இல்லை என்பது அந்தக் கட்டிலில்தான் தெரிந்தது. யாரிடம் சொல்வது? எப்படிச் சொல்வது?

என் கணவர் டேனியல், பால் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். தினமும் தாமல் ஏரிக்கரை வழியாகப் போய்வருவார். மழைக்காலம் தொடங்கியிருந்தது. பேச வேறெதுவும் கிடைக்காமல் ஏரியைப் பற்றிச் சொன்னார். "இன்னிக்கு தண்ணி கருவேல மரத்து இடுப்பு வரைக்கும் வந்துட்சுமா." மறுமுறை, "மரமே முழுகிப்போச்சு. எங்கெங்கிருந்தோ நாரைங்க வந்துக்கினு இருக்குது. ஏரி ரொம்பி கலங்கல்ல தண்ணி வழிஞ்சு போச்சுன்னா உன்ன கூட்டிக்கினு போறேன். வர்றியா?"

ஆமாம் என்பதற்கு ஒருமுறை இமைக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. நான் இமைத்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு நேரம் என்றால் ஏரியின் நீர்மட்டம்தான். தண்ணீர் ஏற ஏற, வந்த வழியே நோய் இறங்கியது. முதலில் தோள் அசைந்தது. பிறகு மூச்சு என்னுடையதானது. குழாயை எடுத்தார்கள். குரல் மட்டும் வரவில்லை, காற்றுதான் வந்தது.

வீடு திரும்பிய வாரத்தில் டேனியல் வேனை வாசலில் நிறுத்திக் கத்தினார்: "போவுது எஸ்தர்! கலங்கல் போவுது!"

சக்கர நாற்காலியோடு என்னை ஏற்றிக்கொண்டார். ஏரி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் இரைச்சல் காதில் விழுந்தது. நிறைந்த ஏரி கலங்கலில் வழிந்து, செம்மண் நிறத்தில் அகலமாக விழுந்து, நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. சாரல் என் முகத்தில் அடித்தது. ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது! கரைமுனையில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர் வலையை உதறினார். நூற்றுக்கணக்கான பறவைகள் ஒன்றாக மேலெழுந்தன. வானம் ஒரு கணம் வெள்ளையானது.

என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாட்டு இல்லை, சொல்லும் இல்லை. வெறும் "ஆ!" ஆனால் அது குரல்.

"பேசுன! நீ பேசுன!" என்று டேனியல் அந்த மீன்காரரையே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்த ஒற்றை எழுத்துதான் என் வாழ்வில் நான் செய்த முதல் உண்மையான ஆராதனை என்று தோன்றுகிறது. அதில் நான் எதையும் கேட்கவில்லை. எதிரே இருந்தது அவ்வளவு பெரியது, நான் அவ்வளவு சின்னவள், அப்படிச் சின்னவளாக இருப்பது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

குரல் ஓரளவு திரும்பியதும், என் ஸ்தோத்திர ஆராதனையை (நன்றி வழிபாட்டை) ஏரிக்கரையில் வைக்கலாமா என்று போதகரிடம் கேட்டேன். அவர் சம்மதித்தார். சபை மூப்பர் யேசுதாஸ் அண்ணன் தயங்கினார். "ஏரிய கும்புட போறோமான்னு நாலு பேரு கேப்பாங்கம்மா."

"ஏரிய கும்புடலண்ணா. நல்ல சேலைய விரிச்சா வர்றவங்க மொதல்ல யார் நெய்ஞ்சதுன்னுதான கேக்குறாங்க? நாமளும் அதத்தான் கேக்கப் போறோம்."

அவர் சிரித்துவிட்டார். அந்த ஞாயிறு கரையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தோம். மைக் இல்லை. போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினார். கலங்கலின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் முயன்றார். பிறகு காகிதத்தை மடித்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பி அமர்ந்தார். எல்லோரும் திரும்பினோம். ரூத் அக்கா என் கையைப் பிடித்து, "பரலோகத்துல இதெல்லாம் இருக்குமில்ல?" என்று கேட்டார்.

"இருக்கணும் அக்கா" என்றேன். "இது தறியில இழுத்த பாவு நூல் மட்டுந்தான்னு நெனக்கிறேன். சேலை அங்க."

இப்போது கைத்தடியோடு நடக்கிறேன், கடைக்கும் போகிறேன். நோய்க்கு முன்பு, பாதம் என்று ஒன்று இருப்பதையே நான் நினைத்ததில்லை. இப்போது நரம்புகள் மிக மெதுவாக வளர்ந்து திரும்புகின்றன. எந்த இடம் எப்போது விழிக்கும் என்று மருத்துவருக்கும் தெரியாது. அதனால் எந்த நாளும் எனக்குச் சாதாரண நாள் இல்லை.

இன்று காலை துணிதுவைக்கும் கல்லருகே ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றேன். இடது கட்டைவிரலில் என்னவோ நடந்தது.

"என்னாங்க! ஓடியாங்க!"

டேனியல் பதறி வந்தார். "இன்னாச்சு? வுழுந்துட்டியா?"

"இல்ல. ஜில்லுன்னு இருக்குது!"

அவர் என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த ஈரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். இருவருக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. நின்றுகொண்டே இருந்தோம்.