சத்தமாகச் சொல்லாத எடை

எண்பதுகளின் தொடக்கம். சிறு விமானங்களை வாடகைக்கு ஓட்டும் மலேசியாவின் ஈப்போ நகர நிறுவனம் ஒன்றில் விமானி வேலை கேட்டுப் போனேன். முதலாளி தமிழர். என் லைசன்ஸை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பறக்கிறது இருக்கட்டும் தம்பி. பாசஞ்சர எடை போட்டு தராசுகிட்டேருந்தே சத்தமாச் சொல்லு, எழுதிக்கிறேன்."

சின்ன விமானத்தை ஆள் எடை தெரியாமல் கிளப்ப முடியாது. பயணிகள் வரிசையில் முதலில் நின்ற பருமனான அக்கா கூச்சத்தில் கைப்பையை இறுக்கிக்கொண்டார். எனக்கு அம்மா பால்வெட்டிய சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டம் ஞாபகம் வந்தது. அம்மாவின் வாளியில் ரப்பர் பால் குறைந்த நாளெல்லாம், தோட்டத்துக் கணக்கரான கிராணி அந்த எடையை எல்லாருக்கும் கேட்கும்படி கத்துவார். அம்மா தலைகுனிந்து நிற்பார்.

தராசு முள்ளை மறைத்து நின்றேன். "ஏறுங்கக்கா, நான் மட்டுந்தான் பார்ப்பேன்."

பிறகு நடந்து போய், முதலாளியின் காதில் எடையைச் சொன்னேன். அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அப்படியே.

அவர் சிரித்தார். "சத்தமாச் சொல்லுன்னா வேலை கேட்டு வர்றவன் எல்லாருமே கத்துறானுங்க லா. நீ நாளைக்கே வந்துரு."

வீட்டில் நடந்ததைச் சொன்னேன்.

"நீ ஏன்யா கத்தல?" என்றார் அம்மா.

"கிராணி ஞாபகம் வந்துருச்சும்மா."

அம்மா தலைகுனிந்து நின்றபோதெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.